அவள் யார்? செம்மணி என்புகளுக்குப் பெயர் தேடும் வழிகள்

நல்லூர்ப் பிரதேச சபையின் பராமரிப்பில் உள்ள, செம்மணிப் பகுதியைச் சேர்ந்த அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்தில், 2025 பெப்ரவரியில் எரிமேடைக் கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டியபோது மனித என்புகள் வெளிப்பட்டன. யாழ்ப்பாணம் நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் மே மாதம் பரீட்சார்த்த அகழ்வு தொடங்கியது. ஜூனில் அவ்விடம் மனிதப் புதைகுழி என்று ஏற்கப்பட்டது. செப்டெம்பர் முதல் வாரத்துக்குள் 240 என்புத் தொகுதிகள் கண்டறியப்பட்டிருந்தன. அவற்றோடு துணித் துண்டுகள், காப்புகள், செருப்புகள், பால் போத்தல், பொம்மை, நீல நிறப் பள்ளிப் பை என்பனவும் கிடைத்தன.

இந்த 240 பேரும் யார் என்பதே மக்கள் கேட்ட முதற் கேள்வி. யார் கொன்றார், எப்போது கொன்றார் என்ற கேள்விகளுக்கும் அதன் விடையே வாசல். ஆயினும் ‘அடையாளம் காணுதல்’ என்றால் என்ன என்பதில் மருத்துவர், சட்டத்தரணி, தொல்லியலாளர், பிள்ளையைத் தேடும் தாய் ஆகியோர் ஒரே கருத்தில் இல்லை. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பல விடைகள் சொல்லப்பட்டு வந்துள்ளன. அவற்றுள் முதன்மையானவற்றை, குழியிலிருந்து எடுக்கப்படும் ஓர் இளம் பெண்ணின் என்புத் தொகுதியை மனதில் வைத்து இக்கட்டுரை பரிசீலிக்கிறது. இளம் பெண்ணைத் தெரிவு செய்வதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு முறையின் பலமும் பலவீனமும் அவள் விடயத்தில் தெளிவாகத் தெரிகின்றன.

பெயர் இழக்கப்பட்ட விதம்

அமைதிக் காலத்தில் ஒரு கிணற்றிலோ கடற்கரையிலோ பெண்ணொருத்தியின் உடல் கிடைத்தால் அடுத்து நடப்பது யாழ்ப்பாணத்தில் எவருக்கும் தெரியும். கிராம அலுவலர் ஊடாகப் பொலிஸுக்குச் செய்தி போகும். திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார். உடல் போதனா வைத்தியசாலைப் பிணவறைக்குக் கொண்டுசெல்லப்படும். சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார். உரிமை கோருவோர் இல்லையேல் பத்திரிகையில் அறிவித்தல் வரும். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டக் கோவை இந்த ஒழுங்குக்குச் சட்டவலு கொடுக்கிறது. பெரும்பாலும் சில நாட்களுக்குள் அயலவர் ஒருவர் வந்து பெயரைச் சொல்லிவிடுவார். ஊர் என்ற அமைப்பே அங்கு பெயரேடாகத் தொழிற்படுகிறது.

இந்தச் சங்கிலியைப் போர்க்காலச் சட்டம் தெரிந்தே அறுத்தது. 1983 ஜூனில் கொண்டுவரப்பட்ட 15அ என்ற நெருக்கடிகால விதி, பிரேத விசாரணை இல்லாமலே உடல்களைப் புதைக்கவோ எரிக்கவோ படையினருக்கு இடம் கொடுத்தது. பெயர் தெரியாத உடல் என்ற நிலையை அனுமதித்தது ஒரு விதி என்பதை, பிந்திய விஞ்ஞான விவாதங்களில் நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தனர். டிசெம்பரில் யாழ். நகர் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1996 நடுப்பகுதியில் மக்கள் திரும்பி வந்த பின்னர் கைதுகளும் காணாமல் ஆக்கப்படுதல்களும் பெருகின. அவ்வாண்டில் மட்டும் ஏறத்தாழ 600 பேர் குடாநாட்டில் காணாமல் போயினர் என்பது அம்னெஸ்டி இன்டர்நெஷனலின் மதிப்பீடு. 1996 செப்டெம்பர் 7 ஆம் திகதி உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டுத் திரும்பிய சுண்டுக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிரிசாந்தி குமாரசுவாமி செம்மணி சோதனைச் சாவடியில் தடுத்து வைக்கப்பட்டு, வன்புணர்வுக்குள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் கொல்லப்பட்டனர். வாரங்கள் கழித்து நால்வரின் உடல்களும் தோண்டி எடுக்கப்பட்டன.

அந்த மாணவி பெயரற்றவராகிவிடவில்லை. அதற்கு ஆய்வுகூடம் காரணம் அல்ல. எந்த நாள், எந்தச் சாவடி, யார் கடமையில் இருந்தனர் என்பதெல்லாம் தெரிந்திருந்தது. சாவடியில் அவரைக் கண்டவர்கள் இருந்தனர். உறவினர்களும் சட்டத்தரணிகளும் விடாமல் கேட்டனர். யாரைத் தேடுகிறோம் என்பது தெரிந்திருந்ததால்தான் கிடைத்த உடல் யாருடையது என்பதும் தெரிந்தது. 1998 ஜூலையில் அவ்வழக்கில் மரண தண்டனை விதிக்கப்பட்ட இராணுவச் சிப்பாய் சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் மேலும் 300 முதல் 400 உடல்கள் புதைக்கப்பட்டுள்ளதாக நீதிமன்றத்தில் சொன்னார். 1999 இல் நடந்த அகழ்வில் 15 என்புத் தொகுதிகள் எடுக்கப்பட்டன. 1996 இல் காணாமல் போன இரு ஆண்கள் தற்காலிகமாக அடையாளம் காணப்பட்டனர். எஞ்சிய 13 பேருக்குப் பெயர் கிடைக்கவில்லை. முன்கூட்டிய தகவல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இந்த இரு நிகழ்வுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு காட்டுகிறது.

கண்டு சொல்லுதல்

உற்றவர் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்பதே மிகப் பழைய விடை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாரிஸ் பிணவறை இதை ஒரு பொது ஏற்பாடாகவே நடத்தியது. பெயர் தெரியாத உடல்கள் கண்ணாடிக்குப் பின்னே கிடத்தப்பட்டன; எவரும் வந்து பார்க்கலாம். காலப்போக்கில் அடையாளம் சொல்ல வந்தவர்களைவிட வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதிகமாயினர். 1907 இல் பொதுமக்களுக்கான அந்த அனுமதி நிறுத்தப்பட்டது. செய்ன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும் ஓர் இளம் பெண்ணின் முக வார்ப்பு அக்காலத்திலிருந்து உலகெங்கும் பரவிற்று. அம்முகத்தைக் கண்டவர்கள் கோடிக்கணக்கானோர். பெயர் சொன்னவர் இல்லை.

இந்த வழியை முற்றாகத் தள்ளிவிடவும் முடியாது. பெல்ஜியம், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் கொலையுண்டு பெயர் தெரியாதிருந்த 22 பெண்களின் விவரங்களை 2023 இல் இன்டர்போல் பகிரங்கப்படுத்தியது. அவர்களுள் ஒருவர் 1992 இல் அன்ட்வெர்ப் நகரில் சடலமாகக் கிடைத்தவர். கையில் பூ வடிவில் குத்தப்பட்டிருந்த பச்சையைச் செய்தியில் கண்ட பிரித்தானியக் குடும்பமொன்று, 31 ஆண்டுகளின் பின் அவரை அடையாளம் கண்டது.

செம்மணியில் 2025 ஓகஸ்ட் 5 ஆம் திகதி நீதிமன்ற உத்தரவின்படி, அகழ்வில் கிடைத்த பொருட்கள் உறவினர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன. பாரிஸில் நடந்தது போன்ற காட்சி அல்ல இது. தேடுவோருக்காக, கட்டுப்பாடுகளோடு, நீதிமன்றத்தின் கண்முன் நடந்தது. ஆயினும் முறையின் அடிப்படைக் குறை நீங்கவில்லை. நீலப் பள்ளிப் பையில் யுனிசெப் சின்னம் இருந்தது. அத்தகைய பைகள் போர்க்காலத்தில் பல பிள்ளைகளுக்கு வழங்கப்பட்டவை. அந்தப் பை ஒரு காலத்தையும் ஒரு வயதையும் சுட்டும். ஒரு பிள்ளையைச் சுட்டாது. இடம்பெயர்ந்தோர் நிவாரண உடுப்பு உடுத்தனர். அக்கா தங்கையர் சட்டை மாற்றி உடுத்தனர். கண்ணாடிக் காப்பு எல்லாக் கடைகளிலும் ஒன்றுதான். பொஸ்னியாவில் உடைகளை வைத்து அடையாளம் கண்ட தொடக்க ஆண்டுகளில் இதே காரணங்களால் பிழைகள் நேர்ந்தன. சிலியில் நடந்தது இன்னும் கொடியது. சந்தியாகோ பொது மயானத்தின் ‘29 ஆம் முற்றம்’ எனப்படும் பகுதியில் புதைக்கப்பட்டோருள் 96 பேர் 1990களில் அடையாளம் காணப்பட்டு உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவற்றுள் குறைந்தது 48 தவறானவை என்று 2006 இல் அரசே அறிவிக்க நேர்ந்தது. ஒரு முறை அழுது அடக்கம் செய்த பிள்ளை வேறொருவரின் பிள்ளை என்று கேட்ட அந்தக் குடும்பங்களுக்கு நேர்ந்ததை எந்த இழப்பீடும் சரிசெய்யாது.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்துக்கேயுரிய ஒரு சாத்தியம் போதிய கவனம் பெறவில்லை என்று தோன்றுகிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் வீட்டிலும் அயலிலும் தைத்த, பின்னர் திருத்தித் தைத்த உடுப்புகளே பலரிடம் இருந்தன. துணி பொதுவானது, தையல் அப்படியல்ல. விளிம்பு மடித்த விதம், பொத்தான் மாற்றிய இடம், ஒட்டுப்போட்ட நூலின் நிறம் ஆகியவற்றைத் தைத்த கை அறியும். துணித் துண்டுகளை ஒரு புடைவைப் பாதுகாப்பு நிபுணர் விரித்துப் பதிவு செய்தால், பார்வைக்கு வைக்கும்போது கேட்கவேண்டிய கேள்வி மாறும். அப்போதும் அது முடிவான சான்றாகாது. எந்தக் குடும்பத்தின் மரபணுவோடு முதலில் ஒப்பிடலாம் என்று வழிகாட்டும், அவ்வளவே. பெரும்பாலான என்புத் தொகுதிகள் ஆடைகளின்றிக் கிடந்தன என்பதால் அந்த வழியும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை.

என்பு சொல்வதும் சொல்லாததும்

இருபதாம் நூற்றாண்டின் விடை மருத்துவரிடமிருந்து வந்தது. உறவினரின் நினைவு பிழைக்கலாம், உடல் பிழைக்காது என்பது அதன் நம்பிக்கை. 1935 இல் ஸ்கொட்லாந்தில் இரு பெண்களின் உடற்பாகங்கள் கலந்து கிடைத்தபோது, மண்டையோட்டின் படத்தைப் புகைப்படத்தின் மேல் பொருத்தி அடையாளத்தை உறுதிப்படுத்தினர். பம்பாயில் பிறந்த மருத்துவர் பக் ரக்ஸ்டன் தன் மனைவியையும் வீட்டுப் பணிப்பெண்ணையும் கொன்ற அவ்வழக்கு உடற்கூற்றியலுக்கு நீதிமன்றத்தில் பெரும் மதிப்பைத் தேடிக்கொடுத்தது. தமிழருக்குப் பரிச்சயமானது 1952 இன் ஆளவந்தார் வழக்கு. இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஒரு பெட்டிக்குள் கிடந்த தலையற்ற உடல் மானாமதுரையில் இறக்கப்பட்டது. சென்னை ராயபுரம் கடற்கரையில் தலை கிடைத்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இரண்டும் ஒருவருடையவை என்று காட்டப்பட்டது. இறந்தவர் முன்பு இராணுவத்தில் இருந்தவர் என்பதால் கைரேகையும் கைகொடுத்தது.

இவ்விரு வழக்குகளிலும் காணாமல் போனவர் யார் என்ற ஊகம் முன்பே இருந்தது, ஒப்பிடப் புகைப்படமோ கைரேகையோ இருந்தது. செம்மணிப் பெண்ணுக்கு இவை இல்லை. அக்காலத்தில் தேசிய அடையாள அட்டை 16 வயதுக்குப் பின்னரே கிடைத்தது; அதற்குக் கைரேகை எடுக்கப்படவில்லை. பல் வைத்தியரின் பதிவு இருக்கும் குடும்பங்கள் மிகச் சில. இடப்பெயர்வில் புகைப்படத் தொகுப்புகளை இழந்த வீடுகள் பல.

என்பு மட்டும் என்ன சொல்லும்? இடுப்பெலும்பு முழுமையாக இருந்தால் வளர்ந்த ஒருவர் ஆணா பெண்ணா என்று பெரும்பாலும் சரியாகச் சொல்லலாம். ஆனால் அந்த வேறுபாடு பருவமடைந்த பின்னரே தெளிவாகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் என்பைக் கொண்டு அது பெண் என்று அடித்துச் சொல்ல இயலாது. வயதைக் கணிப்பதில் நிலைமை தலைகீழ். சிறு பிள்ளையின் வயதைப் பல் முளைப்பை வைத்து நெருக்கமாகக் கூறலாம். பதின்ம வயதின் இறுதியில் காறை என்பின் உள்முனை, இடுப்பு விளிம்பு போன்றவை பொருந்தும் நிலையைப் பார்க்கிறார்கள்; வீச்சு விரிகிறது. “18 முதல் 25 வரை” என்ற விடை மருத்துவருக்கு நேர்மையானது. தேடும் குடும்பங்களுக்கோ அது நூற்றுக்கணக்கான பெயர்களைத் திறந்துவிடுகிறது.

உயரக் கணிப்பில் இன்னொரு சிக்கல். பாடநூல்களில் நெடுங்காலம் ஆண்ட, 1952 இல் வெளியான சூத்திரங்கள் அமெரிக்கப் போர்வீரர்களையும் அமெரிக்க என்புத் தொகுப்பையும் அளந்து பெறப்பட்டவை. அவற்றை யாழ்ப்பாணத்து இளம் பெண்ணுக்கு அப்படியே பொருத்தினால் வரும் விடையை எச்சரிக்கையோடுதான் எடுக்க வேண்டும். நீலப் பையோடு கிடைத்த என்புத் தொகுதி நான்கு முதல் ஐந்து வயதுச் சிறுமியுடையதாக இருக்கலாம் என்று சட்ட வைத்திய அதிகாரி செல்லையா பிரணவனின் அறிக்கை நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. அங்கு வயதைப் பற்களும் என்பு வளர்ச்சியும் சொல்லும். சிறுமி என்ற முடிவுக்கு உடையும் பொருட்களும் துணை நிற்கவேண்டும். இவ்விரண்டு சான்றுகளின் வலுவும் சமமல்ல என்பதை அறிக்கையைப் படிப்போர் பிரித்தறிவது நல்லது.

எக்காலத்தவர்?

பெயருக்கு முன் காலம் தெரிய வேண்டும் என்ற நிலைப்பாடு மன்னாருக்குப் பின் வலுப்பெற்றது. 2018 இல் மன்னார் சதொச வளாகத்தில் 300 க்கும் மேற்பட்ட என்புத் தொகுதிகள் எடுக்கப்பட்டன. ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அனுப்பப்பட்டன. 1404 க்கும் 1635 க்கும் இடைப்பட்ட காலத்தவை என்று 2019 மார்ச்சில் கதிரியக்கக் காபன் முடிவு வந்தது. ஆறு மாதிரிகள் முழுக் குழிக்கும் போதுமா, கூடக் கிடைத்த பிற்காலப் பொருட்களை எப்படி விளக்குவது என்று எழுந்த கேள்விகள் ஓயவில்லை. தேடிவந்த குடும்பங்களுக்கு அந்த ஒரு தாள் கதவை அடைத்தது.

செம்மணியிலும் இதை ஒத்த வாதம் உண்டு. இது மயானம்தானே, பிள்ளைகளை எரிக்காமல் புதைப்பது சைவர் வழக்கம்தானே என்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆயினும் ஆழமற்ற குழிகளில், ஒழுங்கின்றி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த உடல்களுக்கு அது விளக்கமாகாது. அகழ்வை வழிநடத்திய பேராசிரியர் ராஜ் சோமதேவ சுட்டிய புதைப்பு முறை சடங்கோடு செய்யப்பட்ட அடக்கத்துக்கு ஒத்ததல்ல. இங்கு காபன் பரிசோதனை உதவ முடியும். 1950களின் அணுகுண்டுச் சோதனைகளால் வளிமண்டலக் காபன் மாறியது. அதற்குப் பின் பிறந்தவரின் பல் மிளிரியில் அத்தடம் இருக்கும். ஒருவர் 1940 இல் இறந்தாரா 1996 இல் இறந்தாரா என்ற கேள்வி அவ்வாறு தீர்க்கக்கூடியதே. 1996 ஆ 1999 ஆ என்பதை அது சொல்லாது. மன்னார் தரும் பாடம் எளியது: குழியின் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் மாதிரி எடுக்க வேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகூடங்களுக்கு அனுப்ப வேண்டும், குடும்பங்களின் பிரதிநிதிகள் முன்னிலையில் எடுக்க வேண்டும்.

மரபணு

இன்று பொதுமக்கள் மனதில் மரபணுப் பரிசோதனையே கடைசி விடை. அந்த நம்பிக்கைக்கு அடித்தளமிட்டது பொஸ்னியா. 1996 இல் உருவான காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு, ஆயிரக்கணக்கான என்பு மாதிரிகளையும் உறவினர் இரத்த மாதிரிகளையும் கணினியில் ஒரே நேரத்தில் ஒப்பிடும் முறையை 2001 முதல் நடைமுறைப்படுத்தியது. யார் என்ற ஊகம் இல்லாமலே பெயரைக் கண்டடையலாம் என்று முதன்முறையாகப் பெருமளவில் காட்டியது அதுவே. ஸ்ரெப்ரெனிக்காவில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 8,000 பேரில் பெரும்பான்மையோர் இவ்வாறு பெயர் பெற்றனர். உடல்களைத் தோண்டி வேறு குழிகளுக்கு மாற்றிய இடத்திலும் இது சாத்தியமாயிற்று என்பது சிறிய விடயமன்று.

ஆனால் என்பின் மரபணு தனியே பெயர் சொல்லாது. எதிர்ப்புறத்தில் உறவினரின் மரபணு இருக்க வேண்டும். ஆணென்றால் தந்தைவழி ஒய் குரோமோசோம் மேலதிக உதவி தரும். தந்தை, சகோதரர், சிற்றப்பா எவரிடமிருந்தும் ஒப்பிடலாம். இளம் பெண்ணுக்கு அந்த வழி இல்லை. அவளுக்குத் தாய், தந்தை இருவரின் மாதிரிகளும் வேண்டும். அல்லது பல சகோதரரின் மாதிரிகள் வேண்டும். தாய்வழி மட்டும் கடத்தப்படும் இழைமணி மரபணு பழைய என்பில் கூடுதலாகத் தப்பிப் பிழைக்கும் என்றாலும், அது தாய்வழி உறவினர் அனைவருக்கும் பொதுவானது. மச்சான் மச்சாள் திருமணம் தலைமுறைகளாக நடந்த சமூகத்தில் அயல் குடும்பங்களுக்கிடையே மரபணு ஒற்றுமை கூடுதலாக இருக்கும். ஆகவே பொருத்தம் எவ்வளவு உறுதியானது என்று கணிக்க, உள்ளூர் மக்களிடம் எடுத்த ஒப்பீட்டுத் தரவுகள் தேவை. ஐரோப்பியத் தரவை வைத்துக் கணித்தால் உறுதி மிகைப்படலாம்.

பிள்ளைகள் இல்லாமல் இறந்த இளம் பெண்ணுக்குக் கீழ்த்தலைமுறை இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குடும்பத் தலைவராக இருந்து காணாமல் போன ஒருவரை அவரது பிள்ளைகள் இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அடையாளம் காண உதவலாம். இவளுக்குச் சான்றாக இருப்பவர்கள் மேல்தலைமுறையினர். 1996 இல் நாற்பது வயதாயிருந்த தாய்க்கு இப்போது எழுபது. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடங்கிய தொடர் போராட்டத்தில் இருந்த தாய்மாரும் தந்தைமாரும் பலர் பிள்ளையைக் காணாமலே இறந்துவிட்டனர். ஒவ்வொரு இறப்போடும் மாற்றீடு இல்லாத ஒரு மரபணுச் சான்று மண்ணுக்கோ நெருப்புக்கோ போகிறது.

என்பின் பக்கமும் காத்திருக்காது. செம்மணி கடனீரேரியை அண்டிய உவர் நிலம். மாரியில் நீர் தேங்கும், கோடையில் வெடிக்கும். ஈரமும் வெப்பமும் மரபணுவைச் சிதைப்பவை. பற்களும், உட்காதைச் சூழ்ந்த கடினமான என்பும் கூடிய நம்பிக்கை தருவன. அவற்றை எடுக்கும்போதே கையுறை முதல் களஞ்சிய வெப்பநிலை வரை ஒழுங்கு பேணப்பட்டால்தான் அந்த நம்பிக்கைக்குப் பொருள்.

பெயரேடுகளின் குறை

யார் யார் காணாமல் போயினர் என்ற பட்டியலிலிருந்து தொடங்கலாம் என்போரும் உளர். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு 1990 முதல் இலங்கையில் 16,000 க்கும் மேற்பட்டோரைக் காணாமற்போனோராகப் பதிந்துள்ளது. மனித உரிமைகள் ஆணைக்குழு, அடுத்தடுத்து வந்த விசாரணை ஆணைக்குழுக்கள், 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் அலுவலகம் என ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஒரே பெயர் தமிழில் ஒருவிதமாக, சிங்களத்தில் வேறுவிதமாக, ஆங்கிலத்தில் இன்னொரு விதமாக எழுதப்பட்டுள்ளது. ஒருவரே மூவராகவும் மூவர் ஒருவராகவும் தோன்ற இடமுண்டு. 2023 இல் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் கண்டெடுக்கப்பட்ட குழியில் 52 பேரின் என்புகளோடு பெண் போராளிகளின் உடைகளும் இலக்கத் தகடுகளும் இருந்தன. இலக்கம் கிடைத்தாலும் அதைப் பெயராக்கும் ஏடு கையில் இல்லாவிட்டால் பயனில்லை.

பெண்களைப் பொறுத்தவரை இப்பட்டியல்கள் குறையுள்ளவை என்று ஐயுறக் காரணங்கள் உள்ளன. கன்னிப் பெண் சாவடியில் மறிக்கப்பட்டாள் என்று சொல்ல அஞ்சிய குடும்பங்கள் இருந்திருக்கலாம். முறைப்பாடு செய்யவேண்டியவரும் அவளோடு கொல்லப்பட்டிருக்கலாம். கிரிசாந்தி வழக்கில் நடந்ததே அது. பச்சிளம் குழந்தைகளின் என்புகளும் கிடைத்திருக்கும் குழியில், முழுக் குடும்பமாக மறைந்தோரும் இருக்கக்கூடும். அவர்களைத் தேடி எவரும் விண்ணப்பித்திருக்கமாட்டார்கள்.

எதற்காகப் பெயர்?

மேற்சொன்னவை முறை பற்றிய விவாதங்கள். இவற்றுக்கு அடியில் நோக்கம் பற்றிய ஆழமான பிளவு ஒன்று உண்டு. ஆர்ஜென்டினாவில் 1984 இல் அமெரிக்க மானிடவியலாளர் கிளைட் ஸ்னோவின் வழிகாட்டலில் இளம் மாணவர்கள் தடயவியல் மானிடவியல் குழுவொன்றை அமைத்து அகழத் தொடங்கியபோது, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிய மே சதுக்கத்துத் தாய்மாரில் ஒரு பகுதியினர் எதிர்த்தனர். என்பைப் பெற்றுக்கொண்டால் அரசு கோப்பை மூடிவிடும், உயிரோடு கொண்டுபோன பிள்ளையை உயிரோடு தா என்ற கோரிக்கை செத்துவிடும் என்பது அவர்கள் வாதம். மற்றப் பகுதியினர் என்பே சான்று, அதுவே வழக்கின் உயிர் என்றனர். 1986 இல் இயக்கம் பிளந்தது.

வடக்கில் மரணச் சான்றிதழையும் இழப்பீட்டையும் மறுக்கும் தாய்மாரின் நிலைப்பாடு முதல் தரப்பாரோடு மிக நெருங்கியது. அதை விஞ்ஞானத்துக்கு எதிரானது என்று சிலர் சொல்வது நியாயமற்ற குற்றச்சாட்டு. பெயரை அறிவித்துவிட்டுக் குற்றவாளியை விட்டுவிடும் ஏற்பாடுகள் உலகில் உண்டு என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். சைப்பிரஸில் 1981 இல் அமைந்த காணாமற்போனோர் குழு கிரேக்க, துருக்கியச் சமூகங்கள் இரண்டையும் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பெயர் கொடுத்தது. ஆனால் எப்படி இறந்தார், யார் பொறுப்பு என்ற கேள்விகளைத் தொடுவதில்லை என்ற விதியோடுதான் அது இயங்குகிறது. அந்த எல்லையால்தான் வேலை நடந்தது என்போரும் உண்டு. அந்த எல்லையே அநீதி என்போரும் உண்டு. இலங்கையின் காணாமற்போனோர் அலுவலகச் சட்டமும் தன் முடிவுகள் குடியியல், குற்றவியல் பொறுப்பை உண்டாக்கா என்கிறது. செம்மணியில் அகழ்வு நீதவானின் கட்டளையில் நடப்பதால் நிலைமை வேறு: ஒவ்வொரு என்பும் வழக்குச் சான்று. பிரேதத்தைப் பெற்றுக் கிரியை செய்ய விரும்பும் குடும்பத்துக்கும் சான்றைப் பேணவேண்டிய நீதிமன்றத்துக்கும் இடையே நாளை வரக்கூடிய இழுபறிக்கு இப்போதே விதி வகுக்க வேண்டும். சட்டவிரோதமாக நேர்ந்திருக்கக்கூடிய மரணங்களை விசாரிப்பது பற்றி 2016 இல் திருத்தப்பட்ட ஐ.நாவின் மினசோட்டா நெறிமுறை, விசாரணையையும் குடும்பத்தின் உரிமையையும் ஒருங்கே வைக்கிறது. உள்ளூர் விதிக்கு அது போதிய தொடக்கம்.

தீராதவையும் தீர்க்கக்கூடியவையும்

எல்லோருக்கும் பெயர் கிடைக்கும் என்று பொறுப்புள்ள எவரும் உறுதி கூற முடியாது. முன்னாள் யூகோஸ்லாவிய நாடுகளில் பெரும் நிதியும் சர்வதேச ஆதரவும் இருந்தும் பல்லாயிரம் பேர் இன்னும் அடையாளம் காணப்படவில்லை. செம்மணி என்புகளில் எத்தனை மரபணு தரும், குழியில் இருப்போர் அனைவரும் ஒரே காலத்தவரா, மயானத்தின் எல்லைக்கு வெளியே இன்னும் எவ்வளவு உள்ளது என்பன திறந்த கேள்விகள். எந்த ஆய்வுகூடத்தைக் குடும்பங்கள் நம்பும் என்பதும் அப்படியே. காவலில் பிள்ளையை இழந்தவர், அதே அரசின் கையில் தன் இரத்தத்தைக் கொடுக்கத் தயங்குவது இயல்பு.

இந்தத் தயக்கத்தைக் கடக்கவும் முன்னுதாரணம் உண்டு. ஆர்ஜென்டினாவில் பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார், தாங்கள் இறந்த பின்னரும் தேடல் தொடர வேண்டும் என்று போராடி, 1987 இல் சட்டத்தின் மூலம் தேசிய மரபணுத் தரவு வங்கியை நிறுவச் செய்தனர். அவர்களுள் பலர் இன்று இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற இரத்தத்தால் பேரப்பிள்ளைகள் தொடர்ந்து அடையாளம் காணப்படுகிறார்கள். 2007 இல் அங்குள்ள தடயவியல் குழு பொது வைத்தியசாலைகள் ஊடாக உறவினர்களின் இரத்தம் சேகரிக்கும் இயக்கத்தைத் தொடங்கிய பின்னர், ஆண்டுக்கணக்காகப் பெட்டிகளில் கிடந்த என்புகளுக்குப் பெயர் கிடைத்தது. என்பு முன்பே கையில் இருந்தது. இல்லாதிருந்தது உறவினரின் மாதிரி.

செம்மணியில் இதுவரை கவனமும் பணமும் குழியின் பக்கமே சென்றுள்ளன. மறுபக்க வேலை அகழ்வு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீதிமன்றத்தின் காவலிலோ, குடும்பங்கள் ஏற்கும் ஒரு சர்வதேச அமைப்பின் காவலிலோ, வேறெந்த நோக்கத்துக்கும் பயன்படுத்தக் கூடாது என்ற சட்ட உறுதியோடு, குடாநாட்டிலும் வன்னியிலும் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் நகரங்களிலும் வாழும் பெற்றோர், சகோதரரின் மாதிரிகளை இந்த ஆண்டே சேகரிக்கத் தொடங்கலாம். எழுபது வயதைத் தாண்டிய தாய்மாரிடமிருந்து முதலில் தொடங்க வேண்டும்.

குடும்பங்களும் ஒன்று செய்யலாம். காணாமல் போன பெண்ணின் பிறப்புச் சான்றிதழ், பாடசாலைப் படம், முறிந்த கை, விழுந்த பல், கடைசியாக உடுத்திருந்த சட்டை, அதைத் தைத்தவர் யார் என்ற விவரம் ஆகியவற்றை எழுதி, திகதியிட்டு, இரண்டு பிரதிகளாக வைத்திருங்கள். தாய் இருக்கும்போதே அவர் வாயால் கேட்டு எழுதுங்கள்.